மூச்சு விடுது சார்

(திருப்பதியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எங்கள் அப்பா சித்தூர் வெல்ல மண்டியில் கணக்கெழுதினார். வண்டியிலிருந்து இறக்கிய வெல்லத்தை எடை போடும்போது, "குறைச்சலா காட்டுதே" என்று எந்த விவசாயி முணுமுணுத்தாலும் அப்பா பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அவரோடு வாதாட மாட்டார். மூலையில் இருக்கும் எடைக்கல்லை எடுத்துவரச் சொல்லித் தராசில் வைத்துக் காட்டுவார். பத்தில் ஒன்பது தடவை தராசு சரியாகத்தான் இருக்கும். "அப்புறம் எதுக்குப்பா ஒவ்வொரு தடவையும்?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அந்தப் பத்தாவது ஆள் யாருன்னு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமாடா?" என்றார்.

அனலாக் சிப்புகளுக்கு அப்ளிகேஷன்ஸ் இன்ஜினியராக முப்பது வருஷம் வேலை பார்த்தேன். அப்பா மண்டியில் செய்த அதே வேலைதான் அது என்று இன்று உங்கள் முன்னால் சொல்ல ஆசைப்படுகிறேன். அதற்கு வேறு பெரிய விளக்கம் என்னிடம் இல்லை.

அந்தத் தராசிலிருந்தே தொடங்குகிறேன். இன்றைக்கு மண்டியில் இருப்பது மின்னணுத் தராசு. தட்டுக்கு அடியில் லோடு செல் என்ற ஓர் உலோகக் கட்டி இருக்கிறது. எடை ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பிப் பின்னல் நீள, அதன் மின்தடை ஒரு துளி மாறும். கொடுக்கிற ஒவ்வொரு வோல்ட்டுக்கும், முழு எடை ஏறினால் 2 மில்லிவோல்ட் கிடைக்கும் என்பது இந்தத் தொழிலில் பொதுவான கணக்கு. 5 வோல்ட் கொடுத்தால் 100 கிலோவுக்கு 10 மில்லிவோல்ட். அப்படியானால் 10 கிராமுக்கு? ஒரு மைக்ரோவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. விவசாயியின் காசு அந்த ஒரு மைக்ரோவோல்ட்டில் இருக்கிறது.

அந்தத் தராசின் சர்க்யூட் போர்டில் இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடம் ஒவ்வொன்றும், ஒரு பக்கம் கொஞ்சம் சூடானால் தானாகவே சில மைக்ரோவோல்ட்டைப் பெற்றுப் போட்டுவிடும். மின்விசிறிக் காற்று பட்டால்கூட எண் மாறும். இந்த உலகத்தில் எடையும் சூடும் அழுத்தமும் ஒலியும் படிப்படியாக வருவதில்லை, வழுக்கிக்கொண்டு வருகின்றன. அதை அப்படியே ஏந்துவது அனலாக். அதைக் கூறு போட்டு எண்ணாக்குவது டிஜிட்டல். இரண்டும் ஒரே சிலிக்கான் துண்டில் குடித்தனம் செய்தால் மிக்ஸ்டு சிக்னல். 12 பிட் மாற்றி 5 வோல்ட்டை 4096 படிகளாக வெட்டும். ஒரு படி 1.2 மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேல். நம் ஒரு மைக்ரோவோல்ட் அந்தப் படியின் அடியில் கிடந்து நசுங்கிப் போகும். ஆகவே முதலில் பெருக்க வேண்டும், அல்லது 24 பிட் மாற்றியைப் போட வேண்டும். இரண்டிலும் இரைச்சல் கூடவே வரும். அனலாக் வடிவமைப்பு முழுக்க இந்த இழுபறிதான்.

இதில் அப்ளிகேஷன்ஸ் இன்ஜினியர் எங்கே வருகிறார்? சிப்பை வடிவமைப்பவர் ஒருவர். அதை வாங்கித் தராசிலோ பம்ப்செட்டிலோ ஈ.சி.ஜி. கருவியிலோ வைப்பவர் இன்னொருவர். பெரும்பாலும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இருக்காது. முதலாமவருக்கு அந்தச் சிப் எங்கே போய் உட்காரப் போகிறது என்று தெரியாது. இரண்டாமவருக்கு அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. நடுவில் நிற்பவர் டேட்டாஷீட்டைச் சரிபார்ப்பார், சோதனை போர்டு செய்வார், விளக்கக் கட்டுரை எழுதுவார், தொலைபேசியை எடுப்பார். தொலைபேசியில் வருவது அநேகமாகப் புகார்தான். அந்தப் புகாரைக் குறையாமல், கூட்டாமல் வடிவமைப்பாளரின் மேசைக்குக் கொண்டுபோவதுதான் இந்த வேலையின் உயிர் என்று நான் கருதுகிறேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருபவை.

நம் கல்லூரி ஆய்வகங்களில் எல்லோரும் தொட்டுப் பார்த்த 741 ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1965இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் பாப் விட்லர் 709 என்ற ஆப்-ஆம்பைக் கொண்டுவந்தார். அசாத்திய மூளை. ஆனால் அதை அலைபாயாமல் நிறுத்தி வைக்க, பயன்படுத்துபவர் வெளியில் கண்டென்சரும் ரெசிஸ்டரும் கணக்குப் பார்த்துப் போட வேண்டும். கணக்குப் பிசகினால் அது பெருக்கியாக இருக்காது, தானே பாட ஆரம்பித்துவிடும். 1968இல் அதே நிறுவனத்தில் டேவ் ஃபுல்லகர், ஏறக்குறைய 30 பிக்கோஃபாரட் கண்டென்சரைச் சிப்புக்குள்ளேயே வைத்து 741-ஐ வடிவமைத்தார். வேகத்தில் அதைவிடச் சிறந்த ஆப்-ஆம்புகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் அரை நூற்றாண்டு தாண்டி அது விற்கிறது என்றால், வாங்கியவர்கள் பட்ட பாடு உள்ளே போய் ஒரு கண்டென்சராக உட்கார்ந்துகொண்டதால்தான்.

இந்தத் துறையில் நான் மனதுக்குள் குருவாக வைத்திருக்கும் இருவர் ஜிம் வில்லியம்ஸ், பாப் பீஸ். லீனியர் டெக்னாலஜியில் இருந்த வில்லியம்ஸ் பட்டம் வாங்கியவர் அல்ல. ஆனால் அவர் எழுதிய அப்ளிகேஷன் நோட்டுகளைப் படித்து வளர்ந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நேஷனல் செமிகண்டக்டரில் இருந்த பீஸ், பழுது கண்டுபிடிப்பது பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். 2011 ஜூன் 12ஆம் தேதி வில்லியம்ஸ் காலமானார். அவருடைய நினைவுக் கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஜூன் 18ஆம் தேதி, கார் விபத்தில் பீஸும் போய்விட்டார். அந்த வாரம் நான் எந்த போர்டையும் தொடவில்லை.

இனி, இந்தப் பேச்சுக்குத் தலைப்புக் கொடுத்த மாம்பழக்கூழ் ஆலை.

ஜூன், ஜூலையில் சித்தூரைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் பக்கத்தில் கிளிமூக்கு என்று சொல்கிற பழம். கூழைச் சூடேற்றிக் கிருமி நீக்கும் கட்டத்தில் வெப்பநிலை கீழே போனால் சரக்கு கெடும், மேலே போனால் நிறமும் ருசியும் போகும். அதை அளக்கும் ஒரு கருவியில் எங்கள் சிப் இருந்தது. "ரீடிங் சரியில்லை" என்று புகார். கருவி செய்தவர்கள் அதை ஆய்வகத்துக்கு எடுத்துப் போய் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார்கள். பழுதே இல்லை. திரும்பவும் ஆலையில் பொருத்தினால் அதே கதை. பெங்களூரிலிருந்து என்னை அனுப்பினார்கள். சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

அங்கே இருந்த ஆபரேட்டர் ஐம்பது வயதுக்காரர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். "என்னண்ணா ஆகுது, ரீடிங் ஆடுதா?" என்று கேட்டேன். "ஆடலை சார். ஆடினா நானே ஒயரைப் பார்த்திருப்பேன். இது மூச்சு விடுது சார்" என்றார். கையை நெஞ்சில் வைத்து மெதுவாக ஏற்றி இறக்கிக் காட்டினார். "பம்ப் ஓடும்போது மட்டும்." தன் நோட்டுப் புத்தகத்தையும் காட்டினார். பம்ப் போட்ட நேரம், நிறுத்திய நேரம், எத்தனை டிகிரி ஏறி இறங்கியது என்று பென்சிலில் வரிசையாக எழுதியிருந்தார். யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

நான் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். ஏறி இறங்க இருபது விநாடி. சில நேரம் கொஞ்சம் கூட, சில நேரம் குறைய. மூச்சு என்பதற்கு மேல் சரியான சொல் எனக்கும் கிடைக்கவில்லை.

வெப்பத்தை அளந்தது கே வகை தெர்மோகப்பிள். அது ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட். அதன் ஒயர் பம்ப் மோட்டாரின் ஒயரோடு ஒரே குழாயில் போயிருந்தது. மோட்டார் ஓடினால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல் அதில் ஏறும். அதை வடிகட்டத்தான் சிப்புக்குள் ஒரு சல்லடை இருக்கிறது. சல்லடையை 50 ஹெர்ட்ஸுக்கோ 60 ஹெர்ட்ஸுக்கோ அமைக்க ஒரு கால் வெளியே வந்திருக்கும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். எங்கள் சோதனை போர்டின் வரைபடமும் அதற்கேற்ப 60-க்கே போட்டிருந்தது. கருவி செய்தவர்கள் அந்த வரைபடத்தை நம்பி அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 60 வரும் ஓட்டை அடைபட்டிருந்தது, 50 கசிந்துகொண்டிருந்தது.

கசிந்தால் வேகமாக அல்லவா ஆட வேண்டும்? ஏன் மூச்சு? கருவி விநாடிக்கு ஒரு முறை அளவெடுத்தது. நம் மின்கட்டமைப்பு எப்போதும் அச்சாக 50-இல் நிற்பதில்லை, 49.95, 50.02 என்று அதன் பக்கத்திலேயே நடமாடும். 49.95-இல் ஓடும்போது ஒவ்வொரு விநாடியும் எடுக்கிற அளவு, அலையின் மீது கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி விழும். இருபது விநாடியில் ஒரு முழுச் சுற்று முடியும். சினிமாவில் வண்டிச் சக்கரம் மெதுவாகப் பின்னோக்கிச் சுழல்வது போலத் தெரியுமே, அதே சங்கதி. அந்த ஆபரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தது கூழின் சூட்டை அல்ல. நம் மின்கட்டமைப்பின் அலைவெண் எப்படி நகர்கிறது என்பதைத்தான் ஒரு மாம்பழ ஆலையில் உட்கார்ந்து பென்சிலால் பதிவு செய்திருந்தார்.

அந்த ஒரு காலைத் தூக்கி மறுபக்கத்தில் பற்றவைத்தேன். மூச்சு நின்றது. ஆய்வகத்தில் ஏன் அகப்படவில்லை என்றும் அப்போது புரிந்தது. ஆய்வக மேசையில் பம்ப் இல்லை.

பெங்களூர் திரும்பியதும் முதல் வேலையாக அந்த போர்டின் விளக்கக் கட்டுரையைத் திருத்தினேன். 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் எப்படி இணைக்க வேண்டும் என்பது முதல் பக்கத்துக்கு வந்தது. அடுத்த போர்டில் அதற்கென்று ஒரு சிறு ஸ்விட்ச் வைக்கச் சொல்லிச் சண்டை போட்டு வாங்கினேன். என் தொழில் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் சாதனை அந்த ஸ்விட்ச்தான்.

அன்று முதல் புகார் சொல்பவர்களின் சொற்களையே எழுதி வைக்க ஆரம்பித்தேன். "துள்ளுது" என்றால் பக்கத்தில் ஏதோ ரிலே போட்டு நிறுத்தப்படுகிறது. "ஆடுது" என்றால் மின்சார இரைச்சல் நேரடியாக வருகிறது, எர்த்தைப் பார்க்க வேண்டும். "நகருது" என்றால் சூடு. "ஒட்டிக்கிச்சு" என்றால் பெருக்கி எல்லையில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. இவை எந்த டேட்டாஷீட்டிலும் இல்லாத, ஆனால் டேட்டாஷீட்டைவிடச் சீக்கிரம் இடத்தைக் காட்டும் சொற்கள். நம் பழைய சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளைகள் இந்த அரங்கிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். மூன்று மொழியிலும் ஒரு பழுதைக் கேட்டுப் புரிந்துகொள்ள முடியும் என்பது இந்த வேலையில் எவ்வளவு பெரிய மூலதனம் என்று எனக்கு யாரும் அப்போது சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் தவறவிட்டதையும் சொல்ல வேண்டும். ஒரு வாடிக்கையாளர், ஆப்-ஆம்பின் வெளியீடு தப்பாக வருகிறது என்று கூப்பிட்டார். "உங்கள் பவர் சப்ளை சரியில்லை" என்று இரண்டு வாரம் அவரை அலைக்கழித்தேன். கடைசியில் நேரில் போனால், வெளியீட்டில் 12 மீட்டர் கோஆக்சியல் கேபிள் தொங்குகிறது. மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்று வைத்தால் 1200 பிக்கோஃபாரட். அந்தச் சுமையில் ஆப்-ஆம்ப் தானே அலைந்துகொண்டிருந்தது. ஒரு சிறிய ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டதும் அடங்கியது. வேதனை என்னவென்றால், அவர் முதல் தொலைபேசியிலேயே "கேபிளைக் கழட்டினா சரியாயிடுது" என்று சொல்லியிருந்தார். நான் காதில் வாங்கவில்லை. அப்பாவாக இருந்தால் அந்தக் கணமே பேனாவைக் கீழே வைத்திருப்பார்.

மாணவர்களுக்கு ஒரு விஷயம். இதையெல்லாம் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வரும் சாலையில் காதங்கியைக் கடக்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். அங்கேதான் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் இருக்கிறது. அதன் எம்.எஸ்.டி. ரேடார் 1990களின் தொடக்கத்தில் அமைந்தது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட சமீர் நிறுவனம் கட்டியது. 53 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. வரிசைக்கு 32 வீதம் 32 வரிசையாக 1024 யாகி ஆன்டெனாக்கள், ஏறக்குறைய 130 மீட்டர் சதுரத்தில் நிற்கின்றன. பழைய வீட்டு மாடியில் தூர்தர்ஷனுக்காக வைத்திருந்தோமே, அந்தக் குடும்பம்தான். கட்டியபோது அதன் உச்சத் திறன் 25 லட்சம் வாட்.

அந்த ரேடார் விமானத்தைத் தேடுவதில்லை. மேகத்தையும் தேடுவதில்லை. தெளிந்த வெறும் காற்றைப் பார்க்கிறது. காற்று கலங்கும்போது சூடும் ஈரமும் இடத்துக்கு இடம் சற்றே மாறும். அலைநீளத்தில் பாதி, அதாவது மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அளவிலான அந்தக் கலக்கம், போன அலையில் ஒரு துளியைத் திருப்பி அனுப்பும். 15 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அந்தத் துளி 100 மைக்ரோவிநாடியில் திரும்பி வந்துவிடும். கத்திய அதே ஆன்டெனாதான் அதைக் கேட்கவும் வேண்டும். கத்தும்போது காதை இறுக மூடி, கத்தி முடித்த மறுகணம் திறக்க வேண்டும். மூடாவிட்டால் ரிசீவர் எரியும், திறக்கத் தாமதித்தால் கீழ்க் காற்றின் செய்தி போய்விடும்.

திரும்பி வருவதில் என்ன தேடுகிறார்கள்? காற்று மேல்நோக்கி விநாடிக்கு ஒரு மீட்டர் நகர்ந்தால் எதிரொலியின் அலைவெண் ஏறக்குறைய 0.35 ஹெர்ட்ஸ் மாறும். 5 கோடியே 30 லட்சம் துடிப்பில் மூன்றில் ஒரு துடிப்பு வித்தியாசம்! அதுவும் இரைச்சலுக்கு அடியில் புதைந்து வரும். ஒரே உயரத்திலிருந்து அடுத்தடுத்து வரும் எதிரொலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுவார்கள். 64 எதிரொலிகளைக் கூட்டினால் செய்தி 64 மடங்காகும். முன்னுக்குப் பின் முரணாக வரும் இரைச்சல் 8 மடங்குதான் ஆகும். மண்டியில் ஒரு மூட்டையைப் பலமுறை நிறுத்துச் சராசரி எடுப்பதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. பின்னாளில் அந்த ரேடாரைத் திருத்தி, ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் தனித்தனியாக அனுப்பிப் பெறும் தொகுதி வைத்தார்கள். மெல்லிய சமிக்ஞையை நீண்ட கேபிளில் நடக்கவிடாமல் பிறந்த இடத்திலேயே ஏந்திக்கொள்வது அனலாக்காரர்களின் பழைய பழக்கம்.

இவ்வளவு மெல்லிய செய்தியைக் கேட்க இடமும் ஒத்துழைக்க வேண்டும். சுற்றியுள்ள குன்றுகள் வானொலி இரைச்சலுக்கு வேலி போல நிற்கின்றன. நாம் பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டு போகும் அந்தக் குன்றுகளும் சர்க்யூட்டில் ஓர் உறுப்புதான் என்பது என் எண்ணம்.

அளக்கும் இடம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1981இல் நம் நாட்டின் ஆப்பிள் செயற்கைக்கோளை மாட்டு வண்டியில் வைத்திருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதை நம் ஏழ்மையின் படமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது மிகவும் வருத்தம் தரும். அந்தத் திட்டத்தின் இயக்குநர் ஆர்.எம். வாசகம், ஆன்டெனாவைத் திறந்த வெளியில் சோதிக்கும்போது உலோகம் குறுக்கிடக் கூடாது என்பதற்காகவே மர வண்டியைப் பிடித்தார்கள் என்று விளக்கியிருக்கிறார். அளக்கும் இடத்தின் மீது அவ்வளவு அக்கறை இருந்தது.

இன்று திருப்பதியைச் சுற்றி இந்தத் தொழிலுக்கு வேலை இருக்கிறது. 1985இல் தொடங்கிய அமர ராஜா இங்கேதான் பேட்டரி செய்கிறது. ரேணிகுண்டா பக்கம் மின்னணு ஆலைகள் வந்திருக்கின்றன. 1954இல் அமைந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தோடு, 2015 முதல் ஐ.ஐ.டி.யும் இருக்கிறது. லித்தியம் பேட்டரி அடுக்கு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 16 செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. உச்சியில் இருக்கும் செல்லின் 3.3 வோல்ட்டைச் சில மில்லிவோல்ட் பிசகாமல் அளக்க வேண்டும், ஆனால் அந்தச் செல் ஏறி நிற்பது சுமார் 50 வோல்ட் உயரத்தில். மொட்டை மாடியில் நிற்பவரின் உயரத்தைத் தெருவில் நின்று அரை அங்குலம் தப்பாமல் சொல்வது போல. இரும்பு பாஸ்பேட் வகைச் செல்லில் சார்ஜ் பாதிக்கு மேல் இறங்கினாலும் வோல்டேஜ் பெரிதாக மாறாது என்பதால், 10 மில்லிவோல்ட் தப்பினால் ஸ்கூட்டர்காரர் நடுவழியில் நிற்பார். அவர் யாரிடம் புகார் சொல்வார்? அந்தப் புகாரை எடுத்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

படிப்பைப் பற்றிக் கேட்பீர்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் அனலாக் கற்பித்த பேராசிரியர் கே. ராதாகிருஷ்ண ராவின் வகுப்புகள் என்.பி.டி.இ.எல்.லில் இருக்கின்றன, பாருங்கள். கணினியில் சிமுலேஷன் செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் கையில் ஒரு போர்டு இருக்கட்டும், மேசையில் ஆஸிலோஸ்கோப் இருக்கட்டும், பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். சம்பளத்தில் ஆரம்பத்தில் மென்பொருள் நண்பர்கள் முந்திப் போவார்கள். எனக்கும் அது உறுத்தியது உண்டு. பத்து வருஷம் கழித்து, உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டுத் தொலைபேசி வரும். இந்தத் தொழிலில் வயது ஏற ஏறக் காது கூர்மையாகிறது.

மாம்பழ ஆலை ஆபரேட்டர் அடுத்த சீசனில் கூப்பிட்டார். "சார், இப்போ மூச்சு விடலை. ஆனா காலையில முதல் ஒரு மணி நேரம் நகருது. பாய்லர் சூடானதும் நின்னுடுது" என்றார். எத்தனை டிகிரி என்று கேட்டேன். நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. தெர்மோகப்பிள் ஒயர் வந்து சேரும் டெர்மினலின் சூட்டை அளக்க அந்தக் கருவியில் இன்னொரு சென்ஸார் உண்டு. அது டெர்மினலுக்கு ஒட்டி இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். "ஒரு சாண் தள்ளி இருக்கு சார்" என்றார். மறுநாள் விடியற்காலை சித்தூர் பஸ் ஏறினேன்.